ஒரு கிரவுண்டில் ஒரு சங்கக் கட்டடம்: வடசென்னையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 ஜூலையில் வடசென்னையைச் சேர்ந்த கட்டுமானத் தொழில் சங்கம் ஒன்று, தன் அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வரைந்து தரும்படி என்னை அழைத்தது. சிறு ஒப்பந்ததாரர்கள், பொறியாளர்கள், கொத்தனார் மேஸ்திரிகள், கம்பி கட்டுபவர்கள், கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள் என்று தொழிலின் எல்லாக் கைகளும் சேர்ந்த சங்கம் அது. பல ஆண்டுகளாக ஒரு வாடகை மாடியில் இயங்கிவந்தார்கள். வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் இடையில், கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தெருவில் மனை வாங்கியிருந்தார்கள். அகலம் 40 அடி, நீளம் 60 அடி. சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்டு. தெரு மேற்கில் இருந்தது.

ஊரே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்த மாதம் அது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வரத் தொடங்கியிருந்தது. அந்த வெயிலில் மனையைப் பார்க்கப் போனபோது என் கண்ணில் முதலில் பட்டது பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்த ஒரு பழுப்புக் கோடு. 2015 டிசம்பர் வெள்ளம் விட்டுச்சென்ற கறை. அளந்து பார்த்தேன். இன்றைய தெரு மட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தது. அந்தத் தெருவுக்கு 2015க்குப் பிறகு பழைய தாரைச் சுரண்டாமலே மேலே ஒரு படை போட்டிருந்தார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். அப்படியானால் அன்று தெருவில் நின்ற தண்ணீர் இரண்டரை அடிக்கும் மேல்.

நிர்வாகக் குழு ஒரு தாளில் தேவைகளை எழுதிக் கொடுத்தது. கீழே தூண்கள் மட்டும் நிறுத்திக் கார் நிறுத்தம், முதல் தளத்தில் அலுவலகமும் தலைவர் அறையும், இரண்டாம் தளத்தில் நூற்றைம்பது பேர் உட்காரும் கூடம், லிஃப்ட், முகப்பு முழுக்கக் கண்ணாடி. தொழிலில் முப்பது, நாற்பது ஆண்டு பழுத்தவர்கள் எழுதிய பட்டியல். வெள்ளம் வரும் இடத்தில் தரைத்தளத்தைக் காலியாக விடுவது விவரமான யோசனைதான். முதல் வரைபடத்தை நானும் அப்படியே போட்டேன்.

பழைய அலுவலகத்தில் கவனித்தது

வரைபடத்தை ஒப்படைப்பதற்கு முன் பழைய அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க விரும்பினேன். தொடர்ந்து நான்கு திங்கட்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்தேன். திங்களன்றுதான் கூட்டம் அதிகம் என்று எழுத்தர் சொல்லியிருந்தார்.

ஒப்பந்ததாரர்கள் கூடுவது மாதம் இரண்டு மாலைகள் மட்டும். மற்ற நாளெல்லாம் அந்த இடத்துக்கு வருபவர்கள் வேறு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய, பதிவைப் புதுப்பிக்க, அறுபது வயது நிறைந்தபின் ஓய்வூதியம் கேட்க, பிள்ளையின் படிப்பு உதவிக்கு விண்ணப்பிக்க, விபத்துக்கோ மரணத்துக்கோ உதவித்தொகை கேட்க வருபவர்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது சங்கத்தின் தினசரி வேலை. கூட்டக் குறிப்புகளில் அந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாடிப்படி செங்குத்தாக இருந்தது, பதினெட்டுப் படிகள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு மகனிடம் தாள்களைக் கொடுத்து மேலே அனுப்பினார். மேலிருந்து "கையெழுத்து வேண்டும்" என்றார்கள். மகன் இறங்கினான். மறுபடி ஏறினான். "அட்டையின் அசல் எங்கே?" என்றார்கள். மீண்டும் இறங்கினான். ஒரு சித்தாள் பெண் கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் சுவரோரம் நின்றாள். உட்காரப் பெஞ்சு ஒன்றுதான் இருந்தது, அதில் ஆண்கள். கழிவறை உள்ளே, தலைவர் அறையைத் தாண்டி இருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை. வேறொரு அம்மா, "இங்கே வருகிற அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன் ஐயா" என்று என்னிடம் சொன்னார். நிர்வாகக் குழுவில் அப்போது பெண் ஒருவர்கூட இல்லை. கழிவறை பற்றி அவர்களது பட்டியலில் ஒரு சொல்லும் இல்லாததற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

நான்காவது திங்களன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

தரைத்தளம் யாருக்கு

என் புதிய யோசனை இது. விண்ணப்ப முகப்பு, காத்திருக்கும் திண்ணை, வெளியிலிருந்தே நுழையக்கூடிய ஆண், பெண் கழிவறைகள் ஆகியவை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். அந்தத் தளத்தைத் தெருவிலிருந்து ஒரு மீட்டர் உயர்த்த வேண்டும். ஏறுவதற்குப் படியோடு சாய்தளமும் வேண்டும். மனையின் பின்பகுதியில் மட்டும் தூண்கள் மேல் நிற்கும் திறந்த இடத்தில் இருசக்கர வாகனங்கள் நிற்கலாம். அலுவலகம் முதல் தளத்தில், கூடம் இரண்டாம் தளத்தில்.

குழுவில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு வேண்டும். ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம். முன்புறத்தில் ஆறு மீட்டர் போய், திரும்பி, மீண்டும் ஆறு மீட்டர் வந்தால்தான் அடங்கும். நடுவில் திரும்பும் மேடை, இருபுறமும் கைப்பிடி. ஒரு கிரவுண்டு மனையில் முன்னூறு சதுர அடி அதற்கே போய்விடும். "இந்த ஏரியாவில் முன்னூறு அடி என்ன விலை போகிறது என்று தெரியுமா?" என்று பொருளாளர் கேட்டார். சரிவை ஒன்றுக்கு எட்டாக்கி மூன்றில் ஒரு பங்கு இடத்தை மிச்சப்படுத்தலாம் என்றார் ஒரு பொறியாளர். லிஃப்ட் இருக்கும்போது சாய்தளம் எதற்கு என்றார் இன்னொருவர். வெள்ளம் வந்தால் முதலில் நிற்பது லிஃப்ட்தான், மின்சாரம் போன அன்றைக்குத்தான் ஆட்கள் உதவி தேடி வருவார்கள் என்று நான் சொன்னேன். அந்தப் பதில் யாரையும் அசைக்கவில்லை.

ஆகவே மனையிலேயே செய்து பார்த்தோம். சுண்ணாம்புப் பொடியால் தரையில் கட்டடத்தின் கோடுகளைப் போட்டோம். சென்ட்ரிங் பலகைகளைச் செங்கல் அடுக்குகளின்மேல் வைத்து இரண்டு சரிவுகள் அமைத்தோம், ஒன்று எட்டுக்கு, மற்றது பன்னிரண்டுக்கு. பழைய அலுவலகத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாரே, அவரை அழைத்து வந்தோம். அவர் ஒரு காலத்தில் இதே குழுவில் இருந்த மேஸ்திரி ஒருவரிடம் பெரியாளாக, அதாவது உதவியாளாக, வேலை செய்தவர்.

எட்டுக்கு ஒன்று சரிவில் நான்கு காலடி வைத்தார். ஊன்றுகோல் பலகையில் வழுக்கியது. தோள் முன்னே சாய்ந்தது. நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை. அந்த மேஸ்திரி ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். பிறகு மற்ற சரிவில் ஏறினார். மெதுவாக, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் பிடிக்காமல் ஏறி முடித்தார். மேலே நின்று திரும்பிப் பார்த்து, "இது போதும் அண்ணே" என்றார், என்னிடம் அல்ல, மேஸ்திரியிடம்.

அன்று மாலையே பன்னிரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் எழுதினார்கள். பொருளாளரே முன்மொழிந்தார்.

கண்ணாடி முகப்பு

இதில் வாதம் குறைவு. மேற்கு பார்த்த மனை. சென்னையின் பிற்பகல் வெயில் அப்படியே முகப்பில் அடிக்கும். கண்ணாடி போட்டால் உள்ளே திரை போட வேண்டும், திரை போட்டால் விளக்குப் போட வேண்டும், இரண்டுக்கும் மேல் ஏ.சி. ஓட வேண்டும். கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பின்பக்கச் சுவரில் பெரிய ஜன்னல்களும், காற்று புகுந்து மேலே ஏற நடுவில் திறந்த படிக்கட்டும் வைத்தோம். மேற்கில் சாய்தளத்துக்கு மேல் ஆழமான தாழ்வாரம் வந்தது, அதன்மேல் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. சாய்தளம் விழுங்கிய முன்னூறு அடிதான் கட்டடத்துக்கு நிழலும் ஆனது. இந்தப் பொருத்தம் முதலில் என் மனத்தில் இல்லை, வரையும்போதுதான் கைகூடியது.

மண்ணும் அடித்தளமும்

அந்தப் பகுதி ஒரு காலத்தில் தாங்கலாக, அதாவது சிறு ஏரியாக, இருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். சோதனைத் துளைகளும் அதையே சொல்லின. மேலே நாலைந்து அடி ஓட்டுத்துண்டும் குப்பையும் கலந்த நிரவல் மண், அதன்கீழ் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் களிமண். சாதாரண ஃபுட்டிங் அடித்தளம் போட்டால் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையில் கட்டடம் ஏறி இறங்கிச் சுவர்கள் விரியும். கட்டமைப்புப் பொறியாளர் அண்டர்ரீம் பைல் என்னும் நிலத்தடித் தூண்கள் போடச் சொன்னார். 30 செ.மீ. விட்டமுள்ள தண்டின் அடியில் இரண்டரை மடங்கு, அதாவது 75 செ.மீ., அகலத்தில் குமிழ்போல் மண்ணைக் குடைந்து கான்கிரீட் நிரப்புவது. பருவத்துக்குப் பருவம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் உட்கார்ந்துகொள்ளும். செலவு கூடியது. இதில் குழு ஒரு நிமிடமும் தயங்கவில்லை. மண்ணை அறிந்தவர்கள்.

நன்கொடைப் பொருள்

இந்த வேலையில் நான் அதிகம் தூக்கம் இழந்தது இதற்காகத்தான்.

தன் சங்கத்துக் கட்டடம் என்றதும் ஒவ்வொருவரும் அள்ளிக் கொடுக்க வந்தார்கள். ஒருவர் இருபது மூட்டை சிமென்ட், ஒருவர் அரை டன் கம்பி, ஒருவர் ஐயாயிரம் செங்கல், ஒருவர் வேறொரு வேலையில் மிஞ்சிய டைல்ஸ். மனம் நிறைந்து கொடுப்பதை மறுப்பது எளிதல்ல. ஆனால் இருபது மூட்டை சிமென்டில் ஒன்பது மூட்டை வாங்கி நான்கு மாதம் ஆனவை. மூன்று மாதம் தாண்டிய சிமென்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. கம்பியில் இரண்டு தரங்கள் கலந்திருந்தன, சோதனைச் சான்று ஒன்றுக்குத்தான் இருந்தது.

குழுவில் ஒரு விதியை முன்வைத்தேன். தூண், பீம், தளம், பைல் ஆகியவற்றில் சேரும் எந்தப் பொருளும் நன்கொடையாக வரக்கூடாது. அதற்குப் பணமாகக் கொடுக்கட்டும், ஒரே இடத்தில் சான்றோடு வாங்குவோம். கட்டமைப்பில் சேராத செங்கல், டைல்ஸ், கதவு, குழாய், விளக்கு எதுவானாலும் வரவேற்போம். சிலர் மனம் வருந்தினார்கள். செங்கல் கொடுத்தவர் மட்டும், "என் கல் முகப்பில் தெரிய வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். சரி என்றேன். அந்தச் சம்மதத்தின் விலை பின்னால் தெரிந்தது.

தண்ணீர்

மனையில் போட்ட போர், அதாவது ஆழ்துளைக் கிணற்று, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். இரும்புக்கம்பி உள்ள கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. எங்கள் போர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. "முப்பது வருடமாக இந்தத் தண்ணீரில்தான் கட்டுகிறோம்" என்று குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அதனால்தான் அவரை அதே தெருவில் நான்கு வீடு தள்ளி அழைத்துப்போய், இருபது வயதுகூட ஆகாத ஒரு வீட்டின் சன்ஷேடைக் காட்டினேன். கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளியிருந்தது. கையால் தொட்டதும் ஒரு வில்லை பெயர்ந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இந்த வீடு நான் கட்டியது" என்றார்.

அதன்பிறகு அவர்தான் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு டேங்கர் லாரி வரும்போதும் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துத் தேதி எழுதிவைத்தார். கடற்கரைக் காற்றுப் படும் இடம் என்பதால் எம்30 என்ற வலுத்தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மி.மீ. என்று வைத்தோம். கம்பி கட்டும் ஆட்கள் இருபத்தைந்துக்குப் பழகியவர்கள். ஜல்லித் துண்டைச் செருகிக் கவர் விடும் பழக்கத்தை நிறுத்தி, சிமென்ட் சாந்தில் 45 மி.மீ. கட்டிகளை வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினார்கள்.

வேலை தொடங்கியது, நின்றது

2020 பிப்ரவரியில் பைல் வேலை ஆரம்பமானது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. பைல்களின் தலைக்கு மேல் நீட்டியிருந்த கம்பிகள் காற்றிலேயே நின்றன. வெளிமாநில ஆட்கள் ஊர் போய்விட்டார்கள். ஒப்பந்ததாரர் மூன்றாவது வாரம் ஒரு சைக்கிளில் வந்து, தனியாக அந்தக் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசிவிட்டுப் போனார். எனக்குச் செய்தி மட்டும் அனுப்பினார். ஆகஸ்டில் திரும்பியபோது பால் உதிர்ந்த இடங்களில் மட்டும் துரு இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விட்டத்தை அளந்து, குறைவில்லை என்று உறுதிசெய்தபின்தான் பைல்களின் தலைமேல் கான்கிரீட் தொப்பி போட்டோம். அவர் அன்று வராமல் இருந்திருந்தால் இன்னும் நிறையச் சுரண்ட வேண்டியிருந்திருக்கும்.

தவறு ஒன்றும் நடந்தது. முதல் தளக் கான்கிரீட் போட்ட வாரத்தில் டேங்கர் இரண்டு நாள் வரவில்லை. காவலாளி, தளம் காயக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் போர் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். நீராற்றும் தண்ணீருக்கும் கலக்கும் தண்ணீரின் அதே தகுதி வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்ததும் நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவினோம். இதுவரை தளத்தில் விரிசலோ துருக்கறையோ இல்லை. ஆனாலும் அந்தத் தளத்தின் அடிப்பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும் என்று பராமரிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

மாதிரித் தூண்

தாழ்வாரத்துத் தூண்களைப் பூச்சு இல்லாமல் விடுவது என்று முடிவெடுத்திருந்தோம். ஆகவே முன்புறம் மூலையில் முதலில் ஒரு மாதிரித் தூண், நாலடி உயரத்தில், எந்தச் சுமையும் தாங்காதது. கான்கிரீட் வார்த்த பலகைப் பெட்டியைக் கழற்றியபோது எல்லோர் முகமும் இறுகியது. அடியில் ஓரடி உயரத்துக்குத் தேன்கூடு. ஜல்லி மட்டும் நின்று, சிமென்ட் பால் இறங்காமல், நடுவே கம்பி பளபளவென்று தெரிந்தது. பெட்டியின் மூட்டில் இடைவெளி இருந்து பால் ஒழுகியிருந்தது. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியும் அடிவரை போகவில்லை.

மறுநாளே உடைத்துவிடலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். சங்கம் ஆண்டுதோறும் இளம் ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. கரும்பலகையில் தேன்கூடு என்று எழுதினால் பையன்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதைத் தொட்டுப் பார்த்தால் மறக்க மாட்டார்கள். "கட்டடக்காரர் சங்கத்து வாசலில் ஓட்டைத் தூண் நிற்பதா? ஊர் என்ன சொல்லும்?" என்று செயலாளர் கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. தொழிலின் மானம் அது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகும் முடிவாகவில்லை. கடைசியில் அந்தப் பெட்டியை அடித்த சென்ட்ரிங் மேஸ்திரியே எழுந்து, "அது என் தப்பு, அங்கேயே நிற்கட்டும்" என்றார். அறுபதை நெருங்கியவர். அதன்பின் யாரும் பேசவில்லை.

அதே ஆட்கள், அதே பெட்டிப் பலகைகள். மூட்டுகளில் ரப்பர் பட்டை வைத்து, ஊசியை அடிவரை இறக்கி வார்த்த ஆறு தாழ்வாரத் தூண்களிலும் ஒரு ஓட்டை இல்லை.

திறப்புக்குப் பின்

இரண்டாம் அலையின் தடங்கலும் தாண்டி, 2022 தை மாதம் திறந்தார்கள். முதல் ஆண்டில் பார்த்தவை இவை. திண்ணை எப்போதும் நிரம்பியிருக்கிறது, சங்க வேலை இல்லாதவர்களும் மதிய வெயிலில் உட்காருகிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிடிக்கும் இடமாகவும் அது மாறிவிட்டது. கழிவறையைத் தெருவில் காய்கறி விற்கும் பெண்களும் பயன்படுத்துகிறார்கள். பூட்ட வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தபோது குழு நிராகரித்தது. அந்தக் குழுவில் இப்போது இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

விண்ணப்ப முகப்பை நான் தவறாக வடிவமைத்திருந்தேன். பழைய அலுவலகத்தில் தாள்கள் கைமாறுவதைப் பார்த்து, ஒரு ஜன்னலும் அதன்கீழ் பலகையும் வைத்தேன். கட்டடம் முடிவதற்குள் விண்ணப்பங்கள் இணையவழிக்கு மாறிவிட்டன. இப்போது எழுத்தர் கணினியில் தட்ட, விண்ணப்பதாரர் தன் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைபேசியையே ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். ஆறு மாதத்தில் ஜன்னலை எடுத்துவிட்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நீள மேசை போட்டோம்.

நன்கொடைச் செங்கல் இரண்டாவது மழைக்காலத்தில் தன் குணத்தைக் காட்டியது. ஜாலியின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்தது, பிறகு கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. கல்லை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, உறிஞ்சிக் காயவிட்டுப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. செலவே இல்லாத அந்தச் சோதனையைக் கொடுத்தவர் மனம் கோணுமே என்று செய்யாமல் விட்டேன். அவரே பார்த்துவிட்டு, கீழ் எட்டு வரிசைகளையும் வேறு கல்லால் மாற்றிக் கொடுத்தார்.

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் ஊரை மூழ்கடித்தது. கால்வாய் நிரம்பி எதிர்த்தது. தெருவில் தண்ணீர் ஏறி, எங்கள் தரைத்தள மட்டத்துக்கு எட்டு அங்குலம் கீழே நின்றது. பின்பக்க வாகன இடம் மூழ்கியது. மின் மீட்டரை முதல் தளப் படியருகே வைத்திருந்ததால் தப்பியது. தெருவில் கீழ்த்தளம் நனையாமல் இருந்த கட்டடங்கள் இரண்டே. கூடத்தில் அறுபது பேருக்கு மேல் நான்கு இரவு தங்கினார்கள். ஒரு பாட்டியை நாற்காலியோடு படகிலிருந்து சாய்தளத்தில் இறக்கி, அப்படியே தள்ளிக்கொண்டு போனதாக எழுத்தர் சொன்னார். சாய்தளத்தின் கீழ்ப்பகுதி நீருக்குள், மேல்பகுதி வெளியே இருந்திருக்கிறது.

ஆனால் இரண்டு இடங்களில் கட்டடம் அவர்களைக் கைவிட்டது. நிலத்தடித் தொட்டியின் வாய் தெரு மட்டத்திலேயே இருந்தது. வெள்ளத்தோடு சாக்கடையும் உள்ளே இறங்கிப் பன்னிரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரும் வீணானது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லாமல், கேன் வரும்வரை குழந்தைகள் காத்திருந்தன. தரைத்தளக் கழிவறையிலோ சாக்கடை குழாய் வழியாகத் திரும்பிப் பொங்கியது. எதிர்த்து வருவதைத் தடுக்கும் வால்வு வைக்கவில்லை. தளத்தை ஒரு மீட்டர் உயர்த்த அத்தனை போராடியவன், அதே வெள்ளம் குழாய் வழியே எப்படி வரும் என்று யோசிக்கவில்லை. அந்த நான்கு நாளும் அதை நினைத்து எனக்கு ஆறவில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

2024 கோடையில் சங்கத்து ஆட்களே கூலி வாங்காமல் தொட்டியின் வாயைத் தரைத்தளத்துக்கு மேல் ஓரடி உயர்த்தி, மூடியும் காற்றுக்குழாயும் வைத்துக் கட்டினார்கள். கழிவுக்குழாயில் தடுப்பு வால்வு பொருத்தப்பட்டது. அதை மாதம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யும் பொறுப்பு பிளம்பர்களின் முறை.

இதே மனையை மறுபடி வரைந்தால் சில மாற்றங்கள் செய்வேன். தெரு இன்னும் உயரும் என்பதால் தரைத்தளத்தை இன்னும் ஓரடி ஏற்றி, அதற்கேற்பச் சாய்தளத்தை மூன்றாகத் திருப்புவேன். கழிவறைகளின் தரையைத் தளத்திலிருந்து இன்னும் உயர்த்துவேன். முதல் தளத்தில் தனியாக ஒரு சிறு குடிநீர்த் தொட்டி வைப்பேன். காவலாளி உட்பட மனையில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் தண்ணீரைப் பற்றி முதல் நாளே நானே சொல்வேன். பழைய அலுவலகத்தில் நான்கு திங்களுக்குப் பதில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்காருவேன்.

மாதிரித் தூண் அப்படியே நிற்கிறது. சென்ற வகுப்பில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, கம்பியைத் தொட்டு, விரலில் ஒட்டிய துருவை மற்றவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். தொட்டி வேலை முடிந்த அன்று சென்ட்ரிங் மேஸ்திரி, திண்ணைச் சுவரின் ஈரப் பூச்சில் கரணை முனையால் இரண்டு கோடுகள் கிழித்தார். பக்கத்து வீட்டுக் கறையிலிருந்து தண்ணீர் நிரப்பிய ட்யூப்பால் மட்டம் பிடித்து ஒன்று, அதற்கு 2015. எழுத்தர் நினைவிலிருந்து காட்டிய இடத்தில் மற்றொன்று, அதற்கு 2023. பிறகு ரசமட்டத்தை வைத்து இரண்டும் மட்டமா என்று சரிபார்த்தார்.